இடது கைப் பெருவிரல்

பரமசிவத்துக்கு மனுஷர்கள் மேல் நம்பிக்கை கிடையாது. பால் டெப்போக்காரன் நீட்டும் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் வைப்பார். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை எதுக்கு என்று மருந்துக்கடையில் கேட்பார். அவன் சொன்னதையும் நம்பாமல் அடுத்த கடையில் போய்க் கேட்பார். உலகத்தில் அவர் நம்பியது ஒன்றே ஒன்று. நம்பர் போட்ட காகிதம்.

அதற்குக் காரணம் அவர் பார்த்த வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மூன்றாம் வகுப்போடு டில்லிக்கு வந்தவர், ஒரு மினிஸ்ட்ரியின் ரிக்கார்டு ரூமில் தஃப்தரியாக உட்கார்ந்து இருபத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. முடிந்துபோன ஃபைல்கள் அவரிடம் வரும். தூசி தட்டி, நாடா கட்டி, நம்பர் பார்த்து அலமாரியில் ஏற்றுவார். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, நம்பர் தெரியும். மினிஸ்டர்கள் போனார்கள், செக்ரட்டரிகள் போனார்கள், ஒரு ஃபைல்கூடத் தொலையவில்லை. ஆள் பொய் சொல்வான், நம்பர் சொல்லாது என்பது அவருடைய கணக்கு.

அவருக்கு ஒரே மகள், லீலாவதி. டில்லியிலேயே பிறந்து, டில்லிப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். பத்தொன்பது வயதில் கிளார்க் உத்தியோகத்துக்கான எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டாள். பாக்கி இருந்தது டைப் பரீட்சை மட்டும். நிமிஷத்துக்கு முப்பது வார்த்தை அடிக்கவேண்டும். அவள் முப்பத்தெட்டு அடித்தாள். பரமசிவம் இதையும் நம்பாமல் ஒருநாள் டைப் இன்ஸ்டிட்யூட்டுக்கே போய், வாத்தியார் கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தார். அன்று மட்டும் வீட்டுக்கு அல்வா வாங்கி வந்தார்.

எழுபத்தெட்டாம் வருஷம், பிப்ரவரி மாதம். குளிர் இன்னும் விடவில்லை. நேதாஜி நகர் குவார்ட்டர்ஸிலிருந்து கிளம்பிய லீலாவதி, பஸ்ஸுக்குக் குறுக்கு வழியென்று சாணக்யபுரியில் பெரிய ஆபீஸர்கள் இருக்கும் தெரு வழியாக நடந்தாள். ஒரு பங்களாவின் கேட் திறந்து கிடந்தது. உள்ளேயிருந்து ஓர் அல்சேஷன் நாய் குரைக்காமல் வந்தது. குரைத்திருந்தாலாவது நின்றிருப்பாள். முகத்துக்குப் பாய்ந்த நாயை வலது கையால் தடுத்தாள். நாய் அந்தக் கையை வாயில் வாங்கிக்கொண்டு உதறியது. காவலுக்கு இருந்த சௌக்கிதார் ஓடிவந்து தடியால் அதன் வாயைத் திறக்கவேண்டியிருந்தது.

ஆபீஸுக்கு ஃபோன் வந்து பரமசிவம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கையை மொத்தமாகத் துணியால் சுற்றியிருந்தார்கள். துணிக்கு வெளியே விரல் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் அவர் மனைவி ராஜம் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடிபட்டு வந்த கேஸ் என்பதால் ஆஸ்பத்திரியிலேயே டியூட்டி பார்க்கும் போலீஸ்காரன் வந்தான். கழுத்தில் மஃப்ளர், கக்கத்தில் ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர். லீலாவதியைக் கேட்டுக்கேட்டு எழுதினான். அந்தக் காலத்தில் டில்லி போலீஸில் பழைய ஆட்கள் உருதுவில்தான் எழுதுவார்கள். பேனா வலது பக்கமிருந்து இடது பக்கமாக ஓடியது. எழுதி முடித்து ஒருதரம் வாசித்துக் காட்டினான். "தஸ்தகத் கரோ, பேட்டி" என்று மகளைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னவன், கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்தான். "அச்சா, பாயேன் ஹாத் கா அங்கூட்டா."

இடது கைப் பெருவிரலை வைக்கச் சொல்கிறான்.

லீலாவதி கையை நீட்டினாள். பரமசிவம் அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்.

"வைக்காத."

"அப்பா, எஃப்.ஐ.ஆர். எழுதணும்னா இது வேணும்ப்பா."

"என்ன எழுதிருக்கான்னு ஒனக்குத் தெரியுமா?"

"இப்பதானே படிச்சுக் காமிச்சார். டீக்காத்தான் இருக்கு, தப்பு ஒண்ணும் இல்ல."

"வாசிச்சதத்தான் எழுதிருக்கான்னு எப்படிளா தெரியும்? ஒனக்கு இந்தக் கோழிக்கிறுக்கல் தெரியுமா? எனக்குத் தெரியுமா? நாயே இல்ல, நீயாத்தான் விழுந்தன்னு எழுதிருந்தா?"

"அவருக்கு அதனால என்னப்பா ஃபாய்தா?"

"எவனுக்கு எதுல என்ன லாபம்னு நமக்குச் சொல்லிட்டா செய்வான்? எம் மக கைநாட்டு இல்ல. கை ஆறட்டும். இங்கிலீஷ்ல எழுதட்டும். நீ கையெழுத்துப் போடு."

பரமசிவத்தின் அப்பா கைநாட்டு. ஒரு பத்திரத்தில் பெருவிரலை அழுத்தினதில் கிணறும் போய், கிணற்றைச் சுற்றியிருந்த நிலமும் போனது. அதில் என்ன எழுதியிருந்தது என்று சாகும்வரை அவருக்குத் தெரியாது. பரமசிவம் மூன்று வகுப்புப் படித்ததே கையெழுத்துப் போடுவதற்காகத்தான். அந்த விரலைத் தன் மகளும் நீட்டுவதைப் பார்த்தார். அதை வெளியே சொல்ல வராமல் கத்தினார்.

போலீஸ்காரன் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். அவனுக்கு அன்று இன்னும் நாலு கேஸ் இருந்தது. "மர்ஸி ஆப்கீ," உங்கள் இஷ்டம், என்று சொல்லி அந்த ரிஜிஸ்டரிலேயே கீழே ஏதோ ஒரு வரி எழுதினான். மைப்பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போனான்.

அந்த ஒரு வரி என்னவென்று பரமசிவம் கேட்கவில்லை.

டாக்டர் சொன்னது வேறு. வயிற்றில், தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. தினம் ஒன்று. "நாய் பத்து நாள் உயிரோட இருந்தா நடுவில நிறுத்திடலாம். நாயைப் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

அதனால் தினம் சாயந்திரம் ஆபீஸ் விட்டதும் பரமசிவம் சைக்கிளை மிதித்துக்கொண்டு அந்தப் பங்களா கேட்டுக்குப் போய் நின்றார். மகளைக் கடித்த நாயின் உடம்பு சௌக்கியம் விசாரிக்க. சௌக்கிதார் பீம் சிங் கட்வால் மலைக்காரன், நல்ல மாதிரி. "டீக் ஹை, பாபா. இன்னிக்கு அரைக்கிலோ கீமா தின்னுச்சு" என்பான் இந்தியில். உள்ளே சங்கிலிச் சத்தம் கேட்கும். பரமசிவம் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வருவார். வீட்டில் லீலாவதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருப்பாள். ஊசி குத்தின இடமெல்லாம் நெல்லிக்காய் நெல்லிக்காயாக வீங்கியிருந்தது.

"நாய் எப்படி இருக்காம்?" என்று ராஜம் கேட்பாள்.

"ஒன்னயும் என்னயும் விட நல்லாத் திங்குதாம்."

ஐந்தாம் நாள் வெள்ளை அம்பாசடர் ஒன்று கேட்டில் வந்து நின்றது. பின்சீட்டில் நாயின் சொந்தக்காரர் மல்ஹோத்ரா. வேறொரு மினிஸ்ட்ரியில் ஜாயிண்ட் செக்ரட்டரி. கண்ணாடியைப் பாதி இறக்கி, இந்த ஆள் யார் என்று கேட்டார். நாய் கடித்த பெண்ணின் அப்பா, நாய் எப்படி இருக்கிறது என்று கேட்க வந்திருக்கிறார் என்றான் பீம் சிங். மல்ஹோத்ரா பரமசிவத்தைப் பார்க்கவில்லை. பீம் சிங்கிடம்தான் சொன்னார்: "அதுக்கு ஊசி எல்லாம் போட்டாச்சு, இந்த ஆளுக்குப் போட்டிருக்கான்னு கேளு." டிரைவர் சிரித்தான். கார் உள்ளே போனது.

பரமசிவம் சைக்கிளைப் பிடித்தபடியே நின்றார். பெண்ணுக்குக் கை எப்படி இருக்கிறது என்று அந்த ஆள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் அப்படியே திரும்பியிருப்பார். கேட்கவில்லை.

மறுநாள் போனபோது சங்கிலிச் சத்தம் இல்லை. "சாப் அதைப் பஞ்சாபுக்கு அனுப்பிட்டார், அவர் அண்ணன் பண்ணைக்கு" என்றான் பீம் சிங், தரையைப் பார்த்துக்கொண்டு. நாய் இருக்கிறதா செத்ததா என்று இனித் தெரியாது. பதினாலு ஊசியும் போட்டாக வேண்டும்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது பரமசிவம் சொன்னார்: "எனக்கு அவன் காசு ஒரு தம்பிடி வேண்டாம். அவன் ஒருநா கூண்டுல ஏறி நிக்கணும். ஆமா, எந் நாய்தான் கடிச்சிச்சுன்னு வாயால சொல்லணும். அத நான் பாக்கணும்."

"அப்ப நாளைக்கே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்களேன். நடந்து போற தூரந்தான?" என்றாள் ராஜம்.

"போலீஸா? ஜாயிண்ட் செக்ரட்டரி ஒரு ஃபோன் போட்டான்னா நான் எழுதிக்குடுத்த காயிதத்துல வடை மடிச்சுத் திம்பான். அதுக்கு நம்பர் உண்டா? வந்தது போனதுன்னு ரிஜிஸ்டர் உண்டா?"

மறுநாள் அவர் போனது செக்ஷன் ஆபீஸர் ராமசுப்ரமணியனிடம். தஞ்சாவூர்க்காரர். முப்பது வருஷ சர்வீஸில் ரூல் புஸ்தகத்தைத் தாண்டி ஒரு அடி வைக்காத மனுஷன். கெட்டவர் இல்லை. கதையைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஐயோ பாவமே. கொழந்தை கையா? டைப் பரீட்சை வேற இருக்குன்னீரே."

"அந்தாளு மேல ஒரு பெட்டிஷன் எழுதிக் குடுங்க, ஸார். இங்கிலீஷ்ல."

"எழுதறேன். ஆனா பரமசிவம், நீர் கவர்மெண்ட் செர்வண்ட். அவரும் கவர்மெண்ட் செர்வண்ட். நீர் பாட்டுக்கு நேரா கோர்ட்டு, போலீஸுன்னு போய் நின்னா நாளைக்கு உம்ம மேலேயே கண்டக்ட் ரூல்னு எவனாவது எழுதுவான். த்ரூ ப்ராப்பர் சேனல் போவோம். நம்ம மினிஸ்ட்ரிலேர்ந்து அவா மினிஸ்ட்ரிக்குப் போகட்டும். அவா அனுமதி குடுத்து, இதைப் போலீஸுக்கு அனுப்பினா, அதுக்கு இருக்கற வெயிட்டே வேற."

"நம்பர் போடுவாங்களா, ஸார்?"

"போடாம? டைரி நம்பர், டெஸ்பாட்ச் நம்பர், எல்லாம் உண்டு."

பரமசிவத்துக்கு அது போதும்.

சொந்த மகளை நாய் கடித்ததற்குப் போலீஸுக்குப் போக ஆபீஸ் அனுமதி வேண்டுமென்று எந்த ரூலிலும் இல்லை. ராமசுப்ரமணியன் புளுகவில்லை. அவருக்கு அப்படித்தான் தோன்றியது. லீவுக்கு, கடனுக்கு, சைக்கிள் வாங்க, பெண் கல்யாணத்துக்கு என்று எல்லாவற்றையும் மேலே அனுப்பிப் பழகினவருக்கு, நாய்க்கடியும் மேலே போகவேண்டிய விஷயமாகத்தான் தெரிந்தது. இரண்டு பக்கம் அழகாக டைப் அடிக்க வைத்தார். பரமசிவம் அடியில் கையெழுத்துப் போட்டார். ஃபைலுக்கு நம்பர் விழுந்தது. அந்த நம்பரை அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். துணி துவைக்கும்போதெல்லாம் ராஜம் அதை எடுத்து ஜன்னல் மேல் வைப்பாள். காய்ந்த சட்டையில் அவர் திரும்ப வைத்துக்கொள்வார்.

ஃபைல் நகர்ந்தது. நகரவில்லை என்று யாரும் சொல்லமுடியாது. மார்ச்சில் அண்டர் செக்ரட்டரியிடம் போனது. அவர் "லா செக்ஷன் கருத்து?" என்று எழுதினார். லா செக்ஷனில் ஜூன்வரை இருந்தது. பிறகு அட்மினிஸ்ட்ரேஷன், பிறகு விஜிலன்ஸ். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பரமசிவம் ஒவ்வொரு செக்ஷனாகப் போய், டைரி ரிஜிஸ்டரில் விரலை ஓட்டி நம்பரைத் தேடுவார். கண்டதும் முகம் தெளியும். வீட்டுக்கு வந்து சொல்லுவார், "இன்னைக்கு அட்மினிஸ்ட்ரேஷனுக்கு வந்துட்டு. சீல் போட்டிருக்கான்."

கை ஆறியது. கட்டைப் பிரித்தபோது ஐந்து விரலும் இருந்தன. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்கவில்லை. உள்ளே நரம்பு அறுந்து ஏறுமாறாக ஒட்டிக்கொண்டதாம். வெந்நீரில் வைத்துப் பிசையச் சொன்னார்கள். ராஜம் நாலு மாதம் பிசைந்தாள். விரல்கள் குச்சி மாதிரியே நின்றன.

டைப் பரீட்சைக்கு முந்தின வாரம் லீலாவதி இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனாள். வாத்தியார் பழைய மெஷினைக் காட்டினார். தன் பெயரை இங்கிலீஷில் அடித்துப் பார்த்தாள். கடைசி இரண்டு எழுத்துக்கு வலது கையின் அந்த இரண்டு விரல் வேண்டும். அவை விழவில்லை. மோதிர விரலை வளைத்து அடித்துப் பார்த்தாள். நிமிஷத்துக்குப் பதினொரு வார்த்தை வந்தது. காகிதத்தை மடித்துக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தாள். பரீட்சைக்குப் போகவில்லை.

"அப்பா," என்று ஒருநாள் கேட்டாள், "அந்த ஃபைல் எப்ப முடியும்?"

"முடியும். அது எங்க போயிரும்? நான் பாத்துட்டுத்தான இருக்கேன்."

"நான் நேரா தானாவுக்குப் போய்க் கேக்கட்டுமா? எனக்குத்தான் பதினெட்டு உமர் தாண்டிடுச்சே. நானே சைன் பண்ணலாம்."

"போலீஸ் ஸ்டேஷன் வாசப்படிய நீ மிதிக்கப்பிடாது. ஒன்னும் தெரியாம பேசாத. போலீஸு, ஆபீஸுன்னு ரெண்டு பக்கமும் நடந்தா ஃபைல மூடிருவான்."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். சிலேட்டில் இடது கையால் எழுதினாள்.

எழுபத்தொன்பது ஏப்ரல் கடைசியில் ராமசுப்ரமணியன் ஆளனுப்பினார். மேஜை மேல் ஃபைல் இருந்தது. பதினாலு மாதத்தில் இரண்டு பக்கப் பெட்டிஷன் நாற்பத்தாறு பக்கமாகியிருந்தது. மேலே மல்ஹோத்ராவின் மினிஸ்ட்ரியிலிருந்து வந்த பதில். அந்தக் கனமான தாளைப் பார்த்ததும் பரமசிவத்துக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"உட்காரும், பரமசிவம்."

இருபத்தொன்பது வருஷத்தில் செக்ஷன் ஆபீஸர் யாரும் அவரை உட்காரச் சொன்னதில்லை. அப்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இது தனிப்பட்ட விவகாரமாம். ஆபீஸ் மூலமா வரவேண்டிய அவசியமே இல்லையாம். சம்பந்தப்பட்டவா நேரா போலீஸுக்கோ கோர்ட்டுக்கோ போகலாம்னு எழுதியிருக்கா." பக்கத்தைப் புரட்டினார். "அவர் இப்போ ஃபாரின் போஸ்டிங்ல போயிட்டாராம். நாயெல்லாம் அவர்கிட்ட இப்ப கெடையாதாம்."

"நேரா போலாம்னா, இத மொதல் நாளே சொல்லிருக்கலாமே, ஸார்?"

ராமசுப்ரமணியன் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

கரோல் பாக் மெஸ்ஸில் சாப்பிடும் தமிழ் வக்கீல் ஒருவர் இருந்தார், தட்சிணாமூர்த்தி என்று. இளவயது. ஃபீஸ் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அதைக் கேட்டதும் பரமசிவத்துக்கு அவர் மேல் சந்தேகம் வந்தது. லீலாவதிதான், "அப்பா, இந்தவாட்டி நான் பேசறேன்" என்று முன்னால் போனாள்.

தட்சிணாமூர்த்தி ஃபைலின் நகலை முழுக்கப் படித்தார்.

"பெரியவரே, நாயைச் சரியாக் கட்டிவைக்காம விட்டு ஒருத்தருக்குக் காயமானா அது குத்தம்தான். ஆறு மாசம் ஜெயில், இல்லேன்னா அபராதம். சட்டம் இருக்கு. ஆனா இந்த மாதிரிச் சின்ன தண்டனைக் கேஸுக்கு ஒரு வருஷத்துக்குள்ள கோர்ட்டுக்கு வந்துடணும். உங்களுக்கு மூணு மாசம் தாண்டிப் போச்சு."

"ஃபைலு ஓடிட்டில்லா இருந்தது?"

"ஃபைல் ஓடினா கெடு நிக்காது." வக்கீல் லீலாவதியின் கையைப் பார்த்தார். "இதைக் கொடுங்காயம்னு டாக்டர் எழுதியிருந்தா மூணு வருஷம் டயம் உண்டு. அன்னிக்கு என்ன எழுதினார்?"

சாதாரணக் காயம் என்று எழுதியிருந்தது. அன்று கட்டுக்குள் இருந்த விரல் மடங்காது என்று யாருக்குத் தெரியும்? போலீஸ் கேஸ் நடந்திருந்தால், அவர்கள் மறுபடி டாக்டரிடம் அனுப்பி அபிப்பிராயம் கேட்டிருப்பார்கள், மாற்றி எழுதியிருப்பார்கள். கேஸே இல்லாதபோது யார் கேட்பது?

"நஷ்ட ஈடு கேட்டு சிவில்ல போடலாமான்னு பாக்கலாம்" என்றார் வக்கீல்.

"காசு வேண்டாம், தம்பி. அவன் வந்து நிக்கணும்."

"சரி. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனுவும் சேர்த்துப் போடறேன். நியாயமான காரணம் இருந்தா கோர்ட்டு ஒத்துக்கும். ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரை வரவழைப்போம். அன்னிக்கே நீங்க புகார் சொல்லிட்டீங்கன்னு அதுல இருந்தா அதைப் பிடிச்சுக்கிட்டு மேல போகலாம்."

கோர்ட்டுக்கு நாலு தடவை போனார்கள். ஒவ்வொரு தடவையும் பரமசிவம் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, வராந்தாவில் வரும் கோட்டுக்காரர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் தடவை, "அந்தாளு இன்னைக்கும் வரல போலுக்கே?" என்று கேட்டார்.

"அவர் எதுக்கு வரணும்?" என்றார் தட்சிணாமூர்த்தி. "கேஸை எடுத்துக்கலாமான்னுதான் இப்பப் பேச்சு. எடுத்துக்கிட்டாத்தான் அவருக்கு சம்மனே போகும். நாம இங்க வந்துட்டுப் போறதே அவருக்குத் தெரியாது."

பரமசிவம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பீம் சிங்கையாவது சாட்சிக்குக் கூப்பிடலாம் என்று அந்தத் தெருவுக்குப் போய்ப் பார்த்திருந்தார். பங்களாவில் வேறு பெயர்ப்பலகை, கேட்டில் வேறு சௌக்கிதார். பீம் சிங் மலைக்குப் போய்விட்டான் என்றார்கள். எந்த மலை என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

நவம்பரில் ஆஸ்பத்திரி குமாஸ்தா ரிஜிஸ்டரைக் கொண்டுவந்தான். மாஜிஸ்ட்ரேட்டுக்குச் சின்ன வயதுதான், முகத்தில் கடுமை இல்லை. முதலில் பெட்டிஷன் நகலைப் புரட்டினார். பிறகு பரமசிவத்தை இந்தியில் கேட்டார்.

"பாபா, ஒரு வருஷமா போலீஸுக்கு ஏன் போகல?"

"ஃபைல் சல் ரஹீ தீ, சாப்" என்றார் பரமசிவம். ஃபைல் ஓடிக்கொண்டிருந்தது, ஐயா.

பின்னால் வக்கீல்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். மாஜிஸ்ட்ரேட் சிரிக்கவில்லை. பரமசிவம் சட்டைப் பையிலிருந்து அந்தத் துண்டுக் காகிதத்தை எடுத்து நீட்டினார். நாலாக மடிந்து, மடிப்பெல்லாம் கிழிந்து போயிருந்தது. "நம்பர் இருக்குங்க" என்றார், தமிழில்.

மாஜிஸ்ட்ரேட் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ரிஜிஸ்டரில் அந்தத் தேதியைத் தேடச் சொன்னார். உருது தெரிந்த பெஷ்கார், கோர்ட்டுக் குமாஸ்தா, எழுந்து, விரலை வைத்து முதலில் போலீஸ்காரன் பதிந்துகொண்ட வாக்குமூலத்தை வாசித்தான்.

மல்ஹோத்ரா சாஹேபின் வீட்டு நாய். கேட் திறந்திருந்தது. பெண் தெருவில் நடந்து போய்க்கொண்டிருந்தாள். நாய் தானாக வந்து கடித்தது. சௌக்கிதார் பெயர் பீம் சிங், அவன் பார்த்தான். நேரம், இடம், எல்லாம் இருந்தது. லீலாவதி சொன்னதில் ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. அந்த மஃப்ளர்காரன் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தான்.

அதற்குக் கீழே ஒரு வரி. பெஷ்கார் அதையும் வாசித்தான். "பெண்ணும் அவள் தகப்பனாரும் ஒப்பமிட மறுத்தார்கள். நடவடிக்கை எதுவும் வேண்டாம் என்கிறார்கள்."

தட்சிணாமூர்த்தி ஏதோ சொல்ல எழுந்தார். உட்கார்ந்துவிட்டார்.

பரமசிவம் மகளைப் பார்க்கவில்லை. தரையில் யாரோ துப்பின வெற்றிலைக் கறையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தலைக்குள் அந்த ஆஸ்பத்திரி வார்டு ஓடியது. கோழிக்கிறுக்கல். வாசிச்சதத்தான் எழுதிருக்கான்னு எப்படித் தெரியும்.

மாஜிஸ்ட்ரேட் இங்கிலீஷில் ஐந்து நிமிஷம் சொல்லி எழுத வைத்தார். பிறகு லீலாவதியைப் பார்த்து இந்தியில், "பேட்டி, உனக்குக் கை போனது நிஜம். ஆனால் கெடு தாண்டிவிட்டது. தாமதத்தை நான் மன்னிக்கலாம் என்றால் இந்த வரி குறுக்கே நிற்கிறது. நீங்களே அன்று வேண்டாம் என்றிருக்கிறீர்கள்" என்றார். அடுத்த கேஸைக் கூப்பிட்டார்கள்.

உத்தரவைப் பார்த்துக்கொண்டேன் என்று லீலாவதி கையெழுத்துப் போடவேண்டும் என்றான் பெஷ்கார். பேனாவை வலது கையில் வாங்கினாள். மற்ற விரல்களுக்கு நடுவில் அதை இடுக்கிப் பார்த்தாள். வழுக்கி விழுந்தது. இடது கைக்கு மாற்றினாள். பின்னால் கூட்டம் நெருக்கியது.

"ஜல்தி, ஜல்தி" என்ற பெஷ்கார், கையைப் பார்த்துவிட்டு மைப்பெட்டியைத் தள்ளினான். "அங்கூட்டா லகா தோ."

லீலாவதி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பரமசிவத்தின் கை அவரை அறியாமல் முன்னால் வந்தது. பாதியில் நின்றது. பிறகு அந்தக் கையைத் தன் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"வையி" என்றார்.

அவள் வைத்தாள். ரேகை தெளிவாக விழுந்தது.

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார்கள். லீலாவதி விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவள் ஏதாவது சொல்லுவாள், திட்டுவாள் என்று பரமசிவம் எதிர்பார்த்தார். இடம் கிடைத்தபோது, "நீங்க உக்காருங்கப்பா" என்றாள்.

டிசம்பர் முதல் வாரம் ரிக்கார்டு ரூமுக்கு ஒரு கட்டு ஃபைல் வந்தது. நாடா கட்டிக்கொண்டே வந்தவர் ஒரு நம்பரைப் பார்த்து நிறுத்தினார். பையிலிருக்கும் துண்டுக் காகிதத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதில்லை. இருந்தாலும் எடுத்துப் பார்த்தார்.

ஃபைலின் மூலையில் ராமசுப்ரமணியன் சிவப்பு மசியில் குறித்திருந்தார். சி வகுப்பு, மூன்று வருஷம். மூன்று வருஷம் கழித்து எடுத்து எரித்துவிடவேண்டும் என்று அதற்கு அர்த்தம். அப்போது பரமசிவம் ரிட்டயராகிப் போயிருப்பார். எரிக்கப்போவது வேறு யாரோ.

அறையின் கோடியில் ஏ வகுப்பு அலமாரி இருந்தது. என்றைக்கும் எரிக்கக்கூடாத ஃபைல்கள் அதில். ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு பரமசிவம் அந்த அலமாரி முன்னால் போய் நின்றார். இரண்டு கட்டுக்கு நடுவில் செருகிவிட்டால் யாரும் தேடமாட்டார்கள். அவர் செத்த பிறகும் அது அங்கேயே இருக்கும். கேட் திறந்திருந்தது, நாய் தானாக வந்து கடித்தது என்று எங்கேயோ ஒரு மூலையில் ஒரு காகிதம் சொல்லிக்கொண்டிருக்கும்.

வெகுநேரம் நின்றார். முப்பது வருஷத்தில் ஒரு ஃபைலையும் அவர் இடம் மாற்றி வைத்ததில்லை.

திரும்பி நடந்து, மூன்று வருஷ அலமாரியில், நம்பர் வரிசைப்படி, அதன் இடத்தில் வைத்தார். நாடாவை இன்னொருதரம் இழுத்து முடிச்சைச் சரிபார்த்தார். அடுத்த ஃபைலை எடுத்துத் தூசி தட்டினார்.